ஒண்ணு குடை, ரெண்டு சீப்பு, மூணு பானை

கேளுங்க. நான் சொல்லப் போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், நாளைக்கு மலையில என்னை நாக்கை நீட்டச் சொல்லி அதுல ஒரு அட்டைய ஏத்தி விடுங்க. அது ரத்தம் குடிச்சு, உருண்டையா ஊதி, தானா விழுற வரைக்கும் நான் வாயை மூட மாட்டேன். ரெண்டாம் வகுப்புக்கு மேல பள்ளிக்கூடத்தை எட்டிப் பாக்காதவன்தான் நான், ஆனா காது ரெண்டும் பெரிய படிப்புப் படிச்சது. இது பூங்காவனம் அவளா பீலிக்கரையில தண்ணி புடிக்கையில எங்க எல்லாரு முன்னுக்கும் கொட்டினது. அவ மனசுக்குள்ள ஓடினது உனக்கு எப்படிடா தெரியும்னு எவனாச்சும் கேட்டா, ஒருக்கா அவகூட தண்ணிக்கு நின்னு பாருங்க. அவ மனசுக்கு மூடி கெடையாது.

அன்னிக்கு ஜனாதிபதி எலக்சன். தோட்டத்து ஸ்கூல்லதான் ஓட்டு. பொம்பளைங்க வரிசையில பாதித் தூரத்துல நிக்கிறா பூங்காவனம், காலுல புதுச் செருப்பு, அது நாய்க்குட்டி மாதிரி குதிகாலைக் கடிக்குது. இதை ஏன் போட்டுட்டு வந்தேன், ஓட்டு கையால போடுறதா காலால போடுறதா, ஆனா ஊரே திருவிழாவுக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு வர்றப்ப நான் மட்டும் தேஞ்ச செருப்போட வந்தா நல்லாவா இருக்கும், முன்னுக்கு நிக்கிறாளே தெய்வானை, எங்க லயத்து வரிசை வீட்டுல பக்கத்துக் காம்பராக்காரி, பீலிக்கு வர்றப்ப தலை சீவ மாட்டா, இன்னிக்கு பிளாஸ்டிக் பூ வச்சிருக்கா, ஓட்டுப் பெட்டி என்ன மாப்பிள்ளையா. வரிசை நகரல. நகராட்டி நல்லதுதான், யாருக்குன்னு இன்னும் முடிவு பண்ணலையே. அட எங்க முடிவு பண்ணலை, நமக்குத்தான் பண்ணிக் குடுத்தாச்சே, தொழிற்சங்கத் தலைவரு சவரிமுத்து நேத்து ராத்திரி லயத்துக்கு லயம் ஏறி எறங்கி ஊட்டி விட்டுட்டாரே. ஒண்ணு குடை, ரெண்டு சீப்பு, மூணு பானை. இந்த எலக்சன்ல ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு போட்டுட்டு, புடிச்சா இன்னும் ரெண்டு பேருக்கு ரெண்டு, மூணுன்னும் போடலாம். குடை பெரிய ஆளு. சீப்பும் பானையும் யாரு? அவங்க பொண்டாட்டிக்கே தெரியாது. அதுதான் தலைவரோட மூளை. மேட்டு லயத்துக்கு ரெண்டு சீப்பு மூணு பானை, பள்ளத்து லயத்துக்கு ரெண்டு பானை மூணு சீப்பு, பங்களாப் பக்கத்து லயத்துக்கு ரெண்டு கிளி மூணு சீப்பு. ஓட்டு எண்ணுற எடத்துல நம்ம ஆளு நிப்பான், சீப்பு பானை எத்தனை விழுந்திருக்குன்னு பாத்தான்னா எந்த லயம் சொன்னபடி கேட்டுச்சு, எந்த லயம் வாலை ஆட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிரும், அப்புறம் வீடு வீடுன்னு என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. அப்படின்னு பல்லைக் காட்டிக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு மனுசன். பெயரு போடாத ஓட்டுக் கடுதாசியில என் பேரை எழுத வச்சுட்டானே பாவி.

வீடு. அதுதான் செருப்பை விட அதிகமாக் கடிக்குது. காம்பராவுக்குப் பின்சுவத்துல வெடிப்பு, முந்தி விரல் போச்சு, இப்ப கையை விட்டா மணிக்கட்டு வரைக்கும் போகுது, உள்ள ஈரமா, குளுகுளுன்னு, பாம்பு வயித்துக்குள்ள கையை விட்ட மாதிரி. சுவத்துக்குப் பின்னால நேரா மலைதான். மழை பேஞ்சா அந்த வெடிப்புக்குள்ள மண்ணு சரசரன்னு எறங்குற சத்தம் கேக்கும், அவ புருசன் ரெங்கசாமி போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு எலின்னுவான். எலியா? அப்படின்னா அது யானை சைசு எலி. சேந்தாப்புல மழை பேஞ்சுட்டா கிராம சேவகர் குடையைப் புடிச்சுக்கிட்டு வந்து எல்லாரையும் பத்திக்கிட்டு இதே ஸ்கூலுக்குத்தான் கொண்டாருவாரு. வெயில் அடிச்சா திரும்பப் போ. தட்டாந்தரையில வீடு கட்டப் போறாங்க, யாருக்குன்னு சொல்றது தலைவரு. எங்க மேட்டு லயத்துல பன்னெண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். நான் ஒருத்தி சீப்பை விட்டா பன்னெண்டு குடும்பத்து வீடும் போயிருமா? தெய்வானையோட கைப்புள்ளை, அந்தச் சுவத்தோரந்தான் தொட்டில். ஒண்ணு குடை, ரெண்டு சீப்பு, மூணு பானை, போட்டுத் தொலைச்சுட்டுப் போயேன்டி, உனக்கு என்ன நோவு, நீ என்ன ஜனாதிபதிக்கு மாமியாரா.

சரி, குடைக்காரரையே எடுத்துக்குவோம். இப்ப நாற்காலியில உக்காந்திருக்கிறது அவருதான். நல்லது என்ன? ரோடு போட்டாரு. எது வரைக்கும்? தொரை பங்களா வரைக்கும். அதுக்கு இங்கிட்டு ரோடு நம்மளைப் பாத்துப் பயந்து நின்னுருச்சு. அப்புறம், அரிசி குடுத்தாரு வெள்ளத்துக்கு. நமக்கு வெள்ளம் வராது, மண்ணுதான் வரும், மண்ணுக்கு அரிசி கெடையாதாம். அடிக்கல்லு நாட்டினாரு வீட்டுக்கு, அதுவும் ரெண்டு தடவை, ரெண்டு எலக்சனுக்கும், மால போட்டு, பால ஊத்தி. இப்ப அதுல ஒரு கல்லு பீலிக்கரையில கெடக்கு, துணி தொவைக்க அந்த மாதிரி வாட்டமான கல்லு இந்த மலையிலயே கெடையாது, ரெங்கசாமி சாரத்தை அடிச்சு அடிச்சு அவரு பேருல பாதி எழுத்து போயிருச்சு. அப்படிப் பாத்தா அவரால ஒரு பிரயோசனமும் இல்லன்னு சொல்லிட முடியாது. ஆனா தகரம்? அதை மறப்பேனா. ஸ்கூல் கிரவுண்டுல ஹெலிகாப்டர் எறங்குச்சு, அந்தக் காத்துல எங்க குசினித் தகரம் ரெண்டு சீட்டுக்கட்டு மாதிரிப் பறந்து தேயிலைக்குள்ள போகுது, அவரு மேல இருந்து கையாட்டுறாரு, நான் கீழ தகரத்தைத் தொரத்திக்கிட்டு மாரடிச்சுக்கிட்டு ஓடுறேன். ராத்திரி டிவியில என்னைக் காட்டுறான். என்னன்னு? ஜனாதிபதியைக் காண ஓடோடி வந்த தோட்டத்து மக்களாம். ஒரு தகரம் கெடைச்சுது, ஒண்ணு இன்னும் கெடைக்கல. அவரு அனுப்பி வைக்கிறேன்னாராம். அந்தத் தகரத்துக்கும் ஒரு அடிக்கல்லு நாட்டுவாரு போல.

"என்னா மதினி, உங்களுக்குள்ளயே முணுமுணுக்கிறீங்க, மறந்துராம பாடம் பண்றீங்களா?" தெய்வானை திரும்பிக் கேட்டா. பூங்காவனம், "இல்லடி, செருப்புக்குச் சாபம் விட்டுக்கிட்டு இருக்கேன்"ன்னா. "எனக்கு சீப்பா பானையா எது முந்தின்னு குழம்பிருச்சு மதினி." "தலைய சீவிட்டுத்தானே சோறாக்கப் போவ, அப்படி ஞாபகம் வச்சுக்க. நீ சீவாமயே ஆக்குவ, அதான் குழப்பம்." தெய்வானை சிரிச்சா, சிரிச்ச வேகத்துல தோள்ல இருந்த புள்ளை முழிச்சுக்கிச்சு. அதோட கன்னத்துல சுவத்துச் சுண்ணாம்பு ஒரு பொட்டு. பூங்காவனம் எச்சியைத் தொட்டுத் தொடைச்சு விட்டா. தொடைக்கப் போயி அவ விரல்ல இருந்த தேயிலைக் கொழுந்துக் கறைதான் லேசா ஈரமாச்சு. வரிசை நகரல. சனியன் புடிச்ச வரிசை, தோட்டத்து ரேசன் மாதிரி.

மகன் சுதர்சன் கொழும்புல துணிக்கடையில நிக்கிறான், ஓட்டுப் போடன்னே பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தான். அவனுக்கு விசிறிச் சின்னந்தான். அம்மா, விசிறிக்காரரு கை சுத்தம்மா, இது வரைக்கும் ஒரு சதம் தொட்டதில்லங்கிறான். தொட்டதில்லையா, தொட விட்டதில்லையாடா? அலுமாரிச் சாவி கையில குடுத்த பொறகுதான்டா கை சுத்தமா இல்லையான்னு தெரியும், சாவி கெடைக்காத வரைக்கும் நானும்தான் சுத்தம், உங்கப்பனும் சுத்தம். ஆனா பேசுறாரு, அதைச் சொல்லணும். அப்படிப் பேசுறாரு, கேக்கையில உச்சந்தலை சுர்ருங்குது, எல்லாத்தையும் தலைகீழா மாத்துவேன்னாரு. தலைகீழான்னா யாரு கீழ வருவா? நாங்க ஏற்கெனவே கீழதான் இருக்கோம், மலையே எங்க மேலதான் இருக்கு. தோட்டத்துக்கு வந்தவரு நேரா என்கிட்ட வந்தாரு, அம்மா உங்க கூடையைக் குடுங்கன்னாரு, முதுகுல போட்டுக்கிட்டாரு, கயித்தை நெத்தியில போட்டு மாட்டாம கழுத்துல மாட்டிக்கிட்டு இருமுறாரு, ஒருத்தன் இந்தப் பக்கம் போட்டோ புடிக்கிறான், ஒருத்தன் அந்தப் பக்கம், அப்படியே ஜீப்புல ஏறிட்டாரு. கூடையோட. ஐயா என் கூடை, என் கூடைன்னு கத்துறேன், நான் கோசம் போடுறேன்னு நெனைச்சு அவரும் கையை மடக்கிக் காட்டிட்டுப் போறாரு. அப்புறம் கங்காணிகிட்ட ஏச்சு வாங்கி ஒரு கிழமை சாக்குல கொழுந்து எடுத்தேன். டவுனுக்குப் போனா பொலிஸ் ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல போஸ்டரு. என் கூடை, நான் நீலக் கயித்துல போட்ட முடிச்சு அப்படியே தெரியுது, அதுக்குக் கீழ விசிறிக்காரரு சிரிக்கிறாரு. கை சுத்தமாம்டா கை சுத்தம். இல்ல, அந்தப் புள்ளை நல்லவராத்தான் இருப்பாரு, மறதியா இருக்கும். நாட்டையும் அப்படி மறதியா ஏத்திக்கிட்டுப் போயிட்டா? சுதர்சன் மொகம் நெனைவுக்கு வருது, காலையில ரொட்டியைத் தின்னுக்கிட்டே, அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேளுன்னான், சின்னதுல பலூன் கேட்ட மாதிரியே மொகத்தை வச்சுக்கிட்டு. அப்பவும் நான் வாங்கிக் குடுக்கல.

மணிக்காரரு ஒருத்தரு இருக்காரு. நம்மாளு. மலையில பொறந்தவரு, அவங்க ஆத்தாவும் கொழுந்து எடுத்தவதான். அவரு வந்த அன்னிக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்துது. காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல கூட்டம், கூட்டம்னா என்னா, எட்டுப் பேரு, அதுலயும் ரெண்டு நாயி. மனுசன் மொட்டைத் தலையோட நனையிறாரு. நம்ம ரெங்கசாமி பாவம் பாத்து ஒரு குடையை விரிச்சு நீட்டினான். அவரு பாம்பைக் கண்ட மாதிரி ஒரு எட்டு பின்னுக்குப் பாய்ஞ்சாரு. ஐயோ வேணாங்க, அது அவங்க சின்னம், போட்டோ புடிச்சிருவானுகன்னு. அப்படியே நனைஞ்சுக்கிட்டு நின்னு பேசினாரு. மூணு வசனத்துக்கு ஒரு தும்மல். வீடு தர்றேன்னு சொல்ல எனக்கு வக்கில்லம்மா, நான் வெல்லவும் மாட்டேன், ஆனா இங்க இத்தனை பேரு இருக்கோம்னு எண்ணிக் காட்டத்தான் நிக்கிறேன்னாரு. பொய்யே சொல்லத் தெரியாத ஆளை நம்பி நாட்டை எப்படிக் குடுக்கிறது? ஒரு ஹெலிகாப்டர் இல்ல, ஒரு போட்டோக்காரன் இல்ல, ஒரு குடையைப் புடிக்கக் கூட தைரியம் இல்ல. இல்ல, அது தைரியமா தைரியம் இல்லாததா? மழையில நனையிறது தைரியம் இல்லாதவன் செய்யிறதா? எனக்கு அதுதான் வெளங்கல, ஒரு கிழமையா வெளங்கல, அடுப்பு ஊதுறப்பவும் அந்த மொட்டைத் தலையில தண்ணி வழியிறதுதான் கண்ணுல வருது. ரெங்கசாமி சொன்னான், வெல்லாதவனுக்குப் போட்டு என்னா ஆகப் போகுது, அவனுக்கே சளி புடிச்சிருக்கு, பேசாம தலைவரு சொன்னதைப் போடு, வீட்டைப் பாரு. சரியாத்தான் சொன்னான். அவன் சரியாச் சொல்ற அன்னிக்குத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

முன்னுக்கு இருந்து ஒரு பேச்சு வரிசையில ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. கறை பாக்குறாங்களாம். எந்தக் கறை? கைக் கறையாம். விசயம் இதுதான்: ஓட்டுப் போட்டா சுண்டு விரல்ல மை வைப்பாங்க, திரும்ப வந்து கள்ள ஓட்டுப் போடாம இருக்க. உள்ள இருக்கிற எலக்சன் அதிகாரி மாத்தயா கடக்கரைப் பக்கத்து ஆளு, மலைக்குப் புதுசு. இன்னிக்கு லீவுன்னு நேத்து ஈரக் கொழுந்தை இருட்டுற வரைக்கும் எடுக்க வச்சாங்களா, எல்லாப் பொம்பளைங்க கையும் பத்து விரலும் கறுப்பு. மாத்தயாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு, இது என்னா, தோட்டமே ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்கான்னு. பைப்படியில பாத்தா நாலு பேரு தேசிக்காயும் செங்கல்லும் வச்சுத் தேய்க்கிறாளுக. தேய்ச்சாப் போறதா அது? கல்யாணத்துக்குத் தேய்ச்சப்பவே போகல, மருதாணிக்குக் கீழயும் கறுப்புத்தான் தெரிஞ்சுச்சு. பூங்காவனம் தன் கையைப் பாத்தா. வீட்டுல எதைத் தொட்டாலும் பொலிஸு மாதிரி அடையாளம் வச்சுட்டுப் போற கை. ரொட்டி மாவுல இந்தக் கை வாசம், புள்ளைக்குப் பால் குடுக்கையிலயும் இந்த வாசம். வேலை செஞ்ச கையைப் பாத்து இவன் என்னைக் கள்ளிங்கிறான், வேலையே செய்யாதவன் கை பளபளன்னு உள்ள போகுது. அப்புறந்தான் இன்னொரு பேச்சு வந்துச்சு. பொலிஸ்காரன் தலைவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டானாம், தலைவரு ஒவ்வொருத்தியா அடையாளம் சொல்லி விடுறாராம். வரிசை நகர ஆரம்பிச்சுச்சு. நகர நகர பூங்காவனம் பொருமுறா. குடையும் அவன் சொல்றது, சீப்பும் அவன் சொல்றது, வீடும் அவன் சொல்றது, இப்ப என் கை என் கைதான்னும் அவன்தான் சொல்லணுமா?

உள்ள தலைவரு வெள்ளைச் சட்டையில மேசைக்குப் பக்கத்துல நிக்கிறாரு, தேர் வடம் புடிச்ச மாதிரி. ஆனா பூங்காவனம் ஒண்ணு பாத்தா. சட்டைப் பையில போன் சத்தமில்லாம துடிக்குது, விட்டு விட்டுத் துடிக்குது, உள்ள எடுக்கக் கூடாது, ஒவ்வொரு துடிப்புக்கும் மனுசனுக்கு நெத்தியில வேர்வை புதுசா முளைக்குது. இந்தக் குளிருல. யாருக்கு இந்தாளு இப்படி வேர்க்கிறாரு? "அம்மா, கை காட்டுங்க"ன்னாரு மாத்தயா, கத்துக்கிட்ட தமிழ்ல, மரியாதையாத்தான். காட்டினா. "இது என்னா? வோட் போட்டது தானே?" தலைவரு முந்திக்கிட்டாரு: "இல்ல மாத்தயா, இவ நம்ம பொம்பளை. நான் சொல்றேன்ல, கொழுந்துக் கறை." பூங்காவனம் திரும்பினா. "தலைவரே, நீங்க சும்மா இருங்க. நீங்க எந்தக் காலத்துல கொழுந்து எடுத்தீங்க? நான் யாரு பொம்பளைன்னு அந்தா வெளியில நிக்கிறானே ரெங்கசாமி, அவனுக்கே இன்னும் சரியாத் தெரியாது. மாத்தயா, மை எங்க இருக்கு? அந்தப் போத்தலை ஒருக்கா மோந்து பாருங்க. இப்ப என் கையை மோந்து பாருங்க." மூக்குக்கு நேரா நீட்டிட்டா.  மாத்தயா அக்கம் பக்கம் பாத்தாரு, கண்ணாடியைக் கழட்டினாரு, குனிஞ்சு மோந்தாரு. "பச்சை வாசம்"ன்னாரு, மொகம் மாறிப் போச்சு, சிரிப்பு வந்துருச்சு மனுசனுக்கு. "சரி, சரி. போடுங்க." பின்னால நின்ன அத்தனை பேரும் கையை நீட்டிக்கிட்டு முன்னுக்கு வந்துட்டாளுக, மாத்தயா எனக்கும் மோந்து பாருங்க, எனக்கும் பாருங்கன்னு. அந்தாளு அன்னிக்கு மோந்த கொழுந்து, பேக்டரி டீமேக்கரு ஒரு மாசத்துல மோந்திருக்க மாட்டாரு. தலைவரை, நீங்க இப்ப வெளிய போகலாம்னு பொலிஸ்காரன் அனுப்பிட்டான். பூங்காவனத்தோட சுண்டு விரல்ல மை வச்சாங்க. கறுப்பு மேல கறுப்பு. எங்க வச்சாங்கன்னு அவளுக்கே தெரியல.

கடுதாசி சீலை மாதிரி நீளம். அட்டைப் பெட்டி மறைப்புக்குள்ள நிக்கிறா. நிமிந்தா மேல சீலிங்ல ஒழுகின கறை, ஆட்டுத்தலை மாதிரி. அதைப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, இந்த மூலையிலதான் போன மழைக்கு நான் பாய் போட்டேன், இந்த ஆட்டுத்தலையைப் பாத்துக்கிட்டேதான் விடிய விடியக் கெடந்தேன், பக்கத்துல யாரு புள்ளையோ என் வயித்துல காலைப் போட்டுக்கிட்டு. இந்த நாட்டுல எனக்குன்னு சரியா ஒரு ஆள் படுக்கிற அளவு எடம் குடுத்தது இந்த மூலை ஒண்ணுதான், அதுலயும் இப்ப நின்னுக்கிட்டு, யாரு உனக்கு ராசான்னு கேக்குறாங்க. ஒண்ணு குடை. குடை எங்க, மேல இருக்கு. பென்சிலை வச்சா. கோடு இழுக்கல. போடுடி. தெய்வானை புள்ளை, தொட்டில், சுண்ணாம்பு. போடுடி, போட்டா செத்தா போயிருவ, போன தடவை போடலையா, அதுக்கு முந்தி போடலையா. போட்டேன், ரெண்டு தடவையும் போட்டேன், ரெண்டு கல்லு வந்துச்சு. மூணாவது கல்லை என்னா செய்யிறது, அம்மி கொத்திக்கிறதா? அந்த வேர்வை நெனைப்பு வந்துச்சு. சவரிமுத்துவுக்கு என்னத்துக்கு அப்படி வேர்க்குது? எங்களுக்கு அவருகிட்டப் பயம்னா, அவருக்குப் போனுக்குள்ள இருக்கிற ஒருத்தருகிட்டப் பயம். சீப்பு பானை குறைஞ்சா, என் லயம் என்னைக் கவுத்துருச்சுன்னு அவரு வாயால மேல போயிச் சொல்வாரா? சொன்னா அவருல்ல தலைவரா இருக்க மாட்டாரு. முழுங்கிருவாரு. முழுங்குவாரா? முழுங்காட்டி? பன்னெண்டு குடும்பம்டி. வெளியில யாரோ இருமுறாங்க, சீக்கிரம்னு ஒரு குரல். பென்சில் தானா வழுக்கிக்கிட்டுக் கீழ போகுது, விசிறியைத் தாண்டுது, சீப்பைத் தாண்டுது, மணிகிட்ட நின்னுச்சு. அந்த மொட்டைத் தலை. நாங்க இத்தனை பேரு இருக்கோம்னு எண்ணிக் காட்ட. சரி, எண்ணு. ஒரு கோடு கிழிச்சா, நேரா, ஒண்ணு.  ரெண்டுன்னு விசிறிக்குப் போட்டா, மகனுக்காக, கூடையைத் திருப்பிக் குடுக்கட்டும். மூணை அந்தக் குடைக்கே போட்டா என்னா, பாவம் ரோடு போட்டாரேன்னு போனா. தகரம் ஞாபகம் வந்துச்சு. பென்சிலைக் கீழ வச்சுட்டா.

வெளிய வந்தா வெயிலும் இல்ல மழையும் இல்ல, மூட்டம். கேட்டைத் தாண்டி, சவுக்கு மரத்துக்குக் கீழ ரெங்கசாமி நிக்கிறான், மொகம் அவிச்ச கெழங்கு மாதிரி. "என்னா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" "பூங்கா, கத்தாத. சொன்னாக் கத்தாத." "என்னா செஞ்சீங்க?" "மணிக்குப் போட்டுட்டேன்டி." "என்னாத்துக்கு?" "அந்தாளு நனைஞ்சான்ல. நான் நீட்டின குடைய வேணாம்னான்ல. கை தானா போயிருச்சு." பூங்காவனம் அவனைப் புடிச்சு ஏசினா பாருங்க, அந்த மாதிரி ஏச்சு அவன் கல்யாணம் கட்டின நாள்ல இருந்து வாங்கினதில்ல: பன்னெண்டு குடும்பத்து வீட்டுல மண்ணள்ளிப் போட்டீங்களே, வெல்லாதவனுக்குப் போட்டு என்னா ஆகப் போகுதுன்னு எனக்கு மட்டும் பாடம் எடுத்தீங்களே, சுவத்துக்குள்ள எலிதானே ஓடுது, போயி எலிகூடயே குடும்பம் நடத்துங்கன்னு. ஏச ஏச அவளுக்கே தெரியுது, ஒவ்வொரு வார்த்தையும் சுத்திக்கிட்டு வந்து தன் மேலதான் விழுகுதுன்னு. ஒண்ணு குறைஞ்சா முழுங்குவாரு, ரெண்டு குறைஞ்சா? அந்த நேரம் பாத்து தெய்வானை வந்தா, புள்ளைய மாத்தித் தோள்ல போட்டுக்கிட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, "சீப்பு எங்க இருக்குன்னே கண்ணுல படல மதினி"ன்னுட்டு நிக்காமப் போயிட்டா. மூணு. மூணு ஓட்டு குறைஞ்சாச்சு.

தேத்தண்ணிக் கடை வாசல்ல தலைவரு, ஒரு காதைப் பொத்திக்கிட்டு இன்னொரு காதுல போனை வச்சு மேலிடத்துப் பெரிய ஆளுகிட்டக் கத்துறாரு, அந்தப் பக்கம் சிக்னல் அப்படித்தான். "ஆமா தல! உள்ள இருந்தேன் தல, எடுக்க முடியல. மேட்டு லயமா? முழுசா விழுந்துருச்சு தல, ஒண்ணு விடாம! அதான் காலையில ஏழு மணிக்கே உங்களுக்குச் சொன்னேனே தல, மேட்டு லயம் முடிஞ்சுதுன்னு!" பூங்காவனம் அப்படியே நின்னுட்டா. ஏழு மணிக்கா? ஏழு மணிக்கு நான் இந்தச் செருப்பையே போடல. அடுப்புல ரொட்டி கருகிக்கிட்டு இருந்துச்சு. நான் வந்து, நின்னு, காலு புண்ணாகி, மனசு புண்ணாகி, தகரத்தையும் கூடையையும் மொட்டைத் தலையையும் தூக்கி எறக்கி, பயந்து செத்து ஒரு கோடு கிழிச்சிருக்கேன், இந்தாளு ரொட்டி வேகுறதுக்கு முந்தியே என் ஓட்டைப் போட்டு முடிச்சுட்டாரு. அப்ப வீடு தப்பிச்சுது. அப்ப என் கோடு? நிம்மதி வரணும், வரல. கோபந்தான் வந்துச்சு. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, நேரா நடந்தா. தலைவரு பாத்து ஒரு எட்டு பின்னுக்குப் போனாரு, போன் காதுல இருந்து எறங்கிருச்சு, ஆனா லைன் அறுபடல.

"தலைவரே, முழுசான்னீங்களே, அதுல நான் உண்டா?"

"என்னா புள்ள... உண்டு, உண்டு."

"என் புருசன்?"

"உண்டு."

"தெய்வானை? அவ மாமியா? கோடி வீட்டுக் கெழவன்?"

"எல்லாரும்தான் புள்ள, ஒண்ணு விடாம. இப்ப என்னா?" கடையில இருந்த ஆளுகெல்லாம் கிளாஸை வச்சுட்டுப் பாக்குறாங்க.

"அப்ப மேட்டு லயத்துல அத்தனை பேருக்கும் வீடு?"

தலைவரு கண்ணு போனுக்குப் போச்சு. போனுக்குள்ள இருந்து கொசு மாதிரி ஒரு குரல், ஹலோ, ஹலோ, என்னா அங்கன்னு. இல்லன்னா, முழுசா விழுந்த லயத்துக்கு ஏன் வீடு இல்லன்னு அது கேக்கும். "உண்டு"ன்னாரு, பல்லுக்குள்ள.

"எங்களுக்குக் கேக்கல. அந்தத் தலைக்கும் கேட்டிருக்காது."

"உண்டு புள்ள! மேட்டு லயத்துக்கு வீடு உண்டு!" மலை திருப்பிச் சொல்ற அளவுக்குக் கத்தினாரு.

"தல, கேட்டுச்சா?"ன்னா பூங்காவனம், போனைப் பாத்துக் குனிஞ்சு.  அந்தப் பக்கத்துல இருந்து, "ஆமா, கேட்டுச்சு"ன்னு வந்துச்சு.

அவ வெறுங்காலோட மேட்டுல ஏறினா. ரெங்கசாமி பின்னால, செருப்பைத் தூக்கிக்கிட்டு. ஏறுறப்பவும் அவளுக்கு ஆறல. ஒரு உண்டுங்கிற சொல்லை வாங்கறதுக்கு ஓட்டு பத்தாது, தொண்டையும் வேணும்னா அப்புறம் ஓட்டு எதுக்கு, நேரா வந்து கத்திட்டே போயிருக்கலாமே, காலாச்சும் மிஞ்சியிருக்கும். மேட்டுல இருந்து திரும்பி ஒருக்கா ஸ்கூலைப் பாத்தா. அந்தக் கோடு அந்தப் பெட்டிக்குள்ள கெடக்கு, யாருக்கும் தெரியாம, நேரா. அது ஒண்ணுதான் இன்னிக்கு அவளா செஞ்சது. சிரிப்பு வந்துச்சு, கூடவே மழையும் வந்துச்சு. "நடங்க"ன்னா, "சுவத்தைப் பாக்கணும்."

அவ்வளவுதான். என்னா, எல்லாரும் எந்திரிக்கிறீங்க? வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டீங்கல்ல, பல்லு எத்தனைன்னு நான் எண்ணியே வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு பிளேன்டீ, இஞ்சி போட்டு, சீனி தனியா கையில, அதுவும் இப்பவே. கடன் சொல்ற ஆளு யாரோ, அடுத்த எலக்சன்ல அவங்களை நிக்க வச்சு, பானைச் சின்னத்தையே வாங்கிக் குடுத்துருவேன்.